க்ளையண்ட் நாற்காலி

பத்து மணித் தேர்வுக்குப் பத்தேகால் ஆகியும் தேர்வாளர் வரவில்லை, நடிகரும் வரவில்லை. வந்திருந்தவர்கள் மூன்று மாணவர்கள் மட்டும்தான்.

விரிவுரையாளர் வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்துகொண்டிருந்தாள். இரண்டு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். சுவர்க் கடிகாரம் பொய் சொல்கிறதோ என்று மூன்றாவது தடவையும் பார்த்தாள்.

சமூகப்பணித் துறையில் அவள் நடத்தியது கடைசி ஆண்டுச் செய்முறைப் பாடம். கஷ்டத்தில் இருக்கும் மனிதருக்கு எதிரே உட்கார்ந்து எப்படிப் பேசுவது, அதைவிட முக்கியமாக எப்படிப் பேசாமல் இருப்பது என்று சொல்லிக்கொடுப்பது. தேர்வும் அதே மாதிரிதான். நாடகக் குழுவிலிருந்து ஒருவர் வந்து க்ளையண்டாக, அதாவது உதவி தேடி வந்தவராக, நாற்காலியில் உட்காருவார். அவருடைய குடும்பக் கதையை விரிவுரையாளரே எழுதிக் குழுவுக்கு அனுப்பியிருப்பாள். மாணவர் எதிரே உட்கார்ந்து இருபது நிமிடம் பேச வேண்டும். வெளியூர்த் தேர்வாளர் பக்க மேசையில் உட்கார்ந்து மதிப்பெண் போடுவார். அந்த மதிப்பெண் தாள் நாளை மாலைக்குள் போனால்தான் மூன்று பேரும் மேல்படிப்புக்கு விண்ணப்பிக்க முடியும்.

போன வருடம் தேர்வில் எல்லாரும் கோட்டை விட்டார்கள். விம்மி விம்மி அழுத க்ளையண்டிடம் ஒருத்தி, துயரம் என்றால் என்ன என்பதன் இலக்கணத்தை மூச்சு விடாமல் ஒப்பித்தாள். இன்னொருவன் அழுகை முடியட்டும் என்று கடிகாரத்தைப் பார்த்தான். அதன்பிறகு துறைத்தலைவர் கூப்பிட்டு, "இந்த வருஷமும் ஒருத்தரும் மேல படிக்கப் போகலன்னா, உங்க பாடத்தை எடுத்துட்டுப் புள்ளியியல் வெச்சிடலாம்னு இருக்கேன்," என்று சொல்லியிருந்தார். அன்றிலிருந்து விரிவுரையாளருக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை.

"மேடம், நீங்க கொஞ்சம் உட்காருங்க. உங்களைப் பார்த்தா எங்களுக்குப் படபடன்னு இருக்கு," என்றாள் முதல் மாணவி. யார் எது சொன்னாலும் தலையை ஆட்டுவதால் அவளுக்கு வகுப்பில் தலையாட்டி என்று பெயர்.

"நான் நிதானமாத்தான் இருக்கேன்!" என்று கத்தினாள் விரிவுரையாளர்.

அப்போது படியேறி ஒருவர் வந்தார். தேய்த்த சட்டை, கையில் ஒரு ஃபைல், உலகத்திலேயே தனக்குப் பிடித்தது எதுவும் இல்லை என்பதுபோல ஒரு முகம். இத்தனை வருட அனுபவத்தில் தேர்வாளருக்கென்றே செய்த முகம் அது என்று விரிவுரையாளருக்குத் தெரியாதா?

"வாங்க சார், வாங்க! உங்களுக்காகத்தான் காத்திருக்கோம்."

"இங்கதானா?"

"இங்கதான் சார்." அவரைப் பக்க மேசையில் உட்கார வைத்து, மதிப்பெண் தாளையும் பேனாவையும் முன்னால் வைத்தாள். "நீங்க எதுவும் பேச வேண்டாம். கவனிச்சுக் கேட்டா போதும். மனசுல பட்டதை இதுல எழுதிடுங்க."

"பேசவே வேண்டாமா?"

"ஒரு வார்த்தைகூட வேண்டாம் சார்."

அந்த முகத்தில் முதல்முறையாக ஒரு நிம்மதி தெரிந்தது. நாற்காலியைக் கோணலாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

அடுத்த ஐந்தாவது நிமிடம் ஓர் அம்மாள் மூச்சிரைக்க வந்தாள். பஸ் லேட், படி அதிகம், இந்தக் கட்டடத்தில் ஒரு பலகைகூட ஒழுங்கில்லை என்று வரும்போதே மூன்று புகார்கள்.

"என்னை இங்கதானே வரச் சொன்னாங்க?"

"இங்கதாங்க. ஏற்கெனவே அரை மணி லேட். சீக்கிரம் உள்ள வாங்க," என்று விரிவுரையாளர் அவளைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டே போனாள். "உங்க கதை உங்களுக்கு நல்லாத் தெரியுமில்ல?"

"என் கதை எனக்குத் தெரியாதா?"

"நல்லது. எதையும் மாத்தாம அப்படியே சொல்லணும்."

"நான் எதுக்குங்க மாத்தணும்?"

பக்க மேசையைப் பார்த்ததும் அம்மாள் நின்றுவிட்டாள். "இவர் எதிர்லயா பேசணும்?"

"அதுதாங்க முறை. அவர் இருக்கறதையே மறந்துடுங்க."

"அது எனக்குப் பழக்கம்தான்," என்றாள் அம்மாள். மேடை ஏறிப் பழகிய ஆள் என்று விரிவுரையாளர் மெச்சிக்கொண்டாள்.

தலையாட்டி போய் எதிரே உட்கார்ந்தாள். பாடத்தில் சொன்னபடி லேசாக முன்னால் சாய்ந்து, புன்னகைத்து, தலையாட்டி, கதையில் படித்திருந்த கேள்வியைக் கேட்டாள்.

"உங்க மகன் எப்பலேருந்து ஸ்கூலுக்குப் போக மாட்டேங்கறான்?"

"எனக்கு மகனே இல்லையே?"

கடைசி வரிசையில் இருந்த விரிவுரையாளர் துள்ளி எழுந்தாள். கதையைப் படிக்காமலேயே வந்துவிட்டாளா? பள்ளியை நிறுத்திய மகன், குடிகார அப்பா, தவிக்கும் அம்மா என்று ராத்திரி பகலாக எழுதிய கதை! ஒரு துண்டுச் சீட்டில் 'மகன் உண்டு' என்று அவசரமாகக் கிறுக்கி, ஓசைப்படாமல் போய் அம்மாள் கையில் வைத்துவிட்டு வந்தாள்.

அம்மாள் சீட்டைப் படித்தாள். முகம் சிவந்தது. நேராகப் பக்க மேசையைப் பார்த்தாள்.

"மகன் உண்டாமே?"

தேர்வாளர் பேனாவைக் கீழே போட்டார். "சத்தியமா எனக்குத் தெரியாது!"

விரிவுரையாளர் நெற்றியில் அடித்துக்கொண்டாள். தேர்வாளருக்குக் கதைத்தாளையே கொடுக்கவில்லையே! தப்பு தன் மேல்தான். ஓடிப்போய் ஒரு பிரதியை அவர் முன்னால் வைத்தாள். அவர் படிக்கப் படிக்கப் புருவம் மேலே போய்க்கொண்டிருந்தது.

"குடிகாரனா? இதை யார் எழுதினது?" என்றார் மெல்ல.

"நான்தான் சார்."

"இதுல ஒரு வரிகூட நிஜம் இல்லையே."

"ஆமா சார். மொத்தமும் நானே கற்பனை பண்ணினது," என்றாள் பெருமையோடு.

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார்.

அதற்குள் அந்தப் பக்கம் அம்மாள் ஆரம்பித்துவிட்டாள். மகனுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பேச்சு முழுக்கக் கணவனைப் பற்றி. "செவுத்துகிட்ட பேசினாலாவது எதிரொலி வரும். இந்த மனுஷன்கிட்ட அதுவும் வராது. மெதுவா சொன்னா காதுலயே போட்டுக்க மாட்டாரு. கத்தினாதான் திரும்புவாரு. திரும்பி, எதுக்கு இப்பிடிக் கத்தறேம்பாரு. நீயே சொல்லும்மா, நான் மெதுவா பேசறதா, கத்தறதா?"

தலையாட்டி தலையாட்டினாள்.

"ரெண்டுக்கும் ஆட்டினா எப்படிம்மா?"

இருபது நிமிடம் முடிந்தது. விரிவுரையாளர் ஓரக்கண்ணால் பக்க மேசையை எட்டிப் பார்த்தாள். மதிப்பெண் கட்டத்தில், நட்டநடுவே, கொழுகொழுவென்று ஒரு பூஜ்யம்.

"சார்… பூஜ்யமா?"

"வேற என்னங்க போடறது?" அவர் அந்தப் பூஜ்யத்தையே பார்த்தார். "இத்தனை நாளா ஒண்ணுமே கேக்கலையே."

தலையாட்டி கேள்வியே கேட்கவில்லை என்பதைத்தான் சொல்கிறார். நியாயம்தான். விரிவுரையாளர் வெளியே ஓடினாள். அடுத்து நின்ற மாணவன் வாயைத் திறந்தாலே ஏதாவது ஓர் அறிஞர் சொன்னதாகத்தான் வரும். அதனால் அவனுக்கு மேற்கோள் என்று பெயர்.

"டேய், கேள்வி கேக்கலன்னு பூஜ்யம் போட்டுட்டாரு. நீ கேட்டுக்கிட்டே இரு, விடாத! மகனை மறந்துடு. புருஷனைப் பத்திக் கேளு!"

"மேடம், நான் மகனுக்குத்தான் படிச்சிட்டு வந்திருக்கேன்!"

"படிச்சதை மறக்கறதுதான்டா தேர்வு!" என்று அவனை உள்ளே தள்ளினாள். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கே தெரியாது.

மேற்கோள் உட்கார்ந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டான். "அம்மா, தம்பதிகளோட மௌனத்தைப் பத்தி ஒரு வெளிநாட்டு அறிஞர் என்ன சொல்றார்னா, அது நாலு வகை…"

"தம்பி, அந்த அறிஞருக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

மேற்கோள் விழித்தான். அது பாடத்தில் இல்லை. "தெரியலீங்க."

"அப்ப அவரை விடு. நான் சொல்றேன் கேளு. போன மாசம் ராத்திரிச் சோறு போடறப்ப, எனக்கு நெஞ்சுல கட்டி மாதிரி இருக்கு, டாக்டர்கிட்ட போகணும்னு சொன்னேன். அவர் தட்டைப் பார்த்துக்கிட்டே, கொஞ்சம் ரசம் ஊத்துங்கறாரு."

மேற்கோளுக்குத் தெரிந்த அறிஞர்கள் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் அவனைக் கைவிட்டுவிட்டார்கள். அவன் முகம் இருபது வயதுப் பையனின் முகமாகிவிட்டது.

"அப்புறம் என்னம்மா ஆச்சு?" என்றான்.

"தனியாப் போனேன். தனியா வரிசையில உட்கார்ந்தேன். கூட வந்தவங்க யாருன்னு நர்ஸ் கேட்டா. யாருமில்லைன்னேன். ஒண்ணுமில்ல, வெறும் கொழுப்புக் கட்டின்னு சொல்லி அனுப்பிட்டாங்க. ஆனா தம்பி, அந்த ஒண்ணுமில்லங்கற வார்த்தையை வீட்டுக்கு வந்து சொல்ல எனக்கு ஆளில்ல பாரு, அன்னிக்குத்தான் முடிவு பண்ணினேன்."

அவள் அழுதாள். நடிகைகள் அழுவதுபோல அழகாக இல்லை. மூக்கு சிவந்து, கைக்குட்டை தேடி, அசிங்கமாக அழுதாள். மேற்கோள் தன் கைக்குட்டையை நீட்டினான்.

'அழுகை அதிகம். குறைக்கவும்' என்று விரிவுரையாளர் இரண்டாவது சீட்டை எழுதிக்கொண்டிருந்தாள். பக்க மேசையில் நாற்காலி கிறீச்சிட்டது. தேர்வாளர் சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். மதிப்பெண் தாளில் இன்னொரு பூஜ்யம். இது முதல் பூஜ்யத்தைவிடப் பெரியது.

ஐயோ! கண்ணீரும் விடுகிறார், பூஜ்யமும் போடுகிறாரே, என்ன மனிதர் இவர்!

விரிவுரையாளர் வராந்தாவுக்கு வந்து, அணைத்து வைத்திருந்த கைபேசியை எடுத்தாள். நாடகக் குழுவுக்கு நாலு வார்த்தை கேட்டால்தான் ஆறும்.

"ஏங்க, என்ன ஆளை அனுப்பியிருக்கீங்க? கதையை ஒரு தடவைகூடப் படிக்கலையே அந்தம்மா!"

"எந்தம்மா?" என்றார் குழுத்தலைவர். "நான் அனுப்பினது ஆம்பளையாச்சே. குடிகார அப்பா வேஷம்னா அவரை அடிச்சுக்க ஆளில்ல. காலையிலேயே கிளம்பிட்டாரே."

விரிவுரையாளர் அறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

ஆம்பளை. அப்படியென்றால் பக்க மேசையில் இருப்பவர்தான் நடிகர். அப்படியென்றால் க்ளையண்ட் நாற்காலியில்… பல்கலைக்கழகத்துக் கடிதத்தில் 'முனைவர்' என்ற பட்டமும் பெயரின் முதல் எழுத்தும்தான் இருந்தன. ஆணா பெண்ணா என்று யார் கண்டார்கள்! தேர்வாளர் அம்மாவையா கையைப் பிடித்து இழுத்து, லேட் என்று திட்டி, சீட்டு எழுதிக் கொடுத்து, அழவும் விட்டிருக்கிறாள்?

எல்லாம் இப்போது புரிந்தது. அந்த அம்மா வேண்டுமென்றேதான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். தானே க்ளையண்டாக மாறி மாணவர்களை நேரடியாகச் சோதித்திருக்கிறார். எவ்வளவு பெரிய மேதை! இந்த நடிகன், குடிகார வேஷத்துக்கு வந்தவன், ஓசி நாற்காலியில் உட்கார்ந்து தன் பிள்ளைகளுக்குப் பூஜ்யமாகப் போட்டுத் தள்ளியிருக்கிறான்!

உள்ளே போய் அம்மாளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "என்னை மன்னிச்சிடுங்க. ஆள் தெரியாம உங்களை இங்க உட்கார வெச்சுட்டேன்."

"பரவால்லம்மா," என்று அம்மாள் மூக்கை உறிஞ்சினாள். "யாராவது ஒருத்தர் கேட்டாங்களே, அது போதும்."

"அந்தச் சீட்டு…"

"அதைத்தான் கேக்கணும்னு இருந்தேன். மகன் உண்டா, இல்லையா?"

"இல்லவே இல்லீங்க! என் கற்பனை."

அம்மாள் நெஞ்சில் கைவைத்து நீளமாக மூச்சுவிட்டாள். விரிவுரையாளர் அவளைப் பக்க மேசைக்குக் கூட்டிப்போய், பூஜ்யத்தாளைக் கிழித்துப்போட்டுப் புதுத்தாள் வைத்தாள். "இனி நீங்க கேட்டா போதும். பேச வேண்டாம்."

பிறகு அந்த ஆளிடம் திரும்பினாள். "நீங்க எழுந்திரிங்க. உங்க நாற்காலி அது."

"நான் பேசணுமா?" அவர் முகம் வெளுத்தது. "கேட்டா போதும்னீங்களே."

"அது அப்ப. இப்ப பேசணும்."

"நான் குடிக்கறதில்லீங்க."

"குடிக்கவே வேண்டாம்! உங்களுக்கு எது வருதோ அதைப் பேசுங்க," என்று பல்லைக் கடித்தாள்.

மூன்றாவது மாணவி முந்திரிக்கொட்டை. கேள்வியை முடிக்குமுன் பதிலையும், பதில் வருமுன் ஆறுதலையும் சொல்லிவிடுபவள். உட்காரும்போதே, "உங்க பேரு என்ன, என்ன கஷ்டம், வீட்ல எத்தனை பேரு, கவலைப்படாதீங்க எல்லாம் சரியாயிடும்," என்று கொட்டினாள்.

அவர், "கொஞ்சம் இந்தப் பக்கமா வந்து உட்காரும்மா," என்றார்.

அவள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவருடைய வலப்பக்கம் போனாள். போகிற அவசரத்தில் கேள்விகள் எழுதிய தாள் பறந்து பீரோவுக்கு அடியில் போய்விட்டது. குனிந்து எடுப்பதா வேண்டாமா என்று தவித்தாள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்தாள். வேறு வழியில்லை.

ஒரு நிமிடம் போனது. இரண்டு நிமிடம் போனது. அவரும் பேசவில்லை. அவளும் பேசவில்லை. 'பேசுடி, முந்திரிக்கொட்டை, உன் ஆயுசுல இன்னிக்குத்தானா அடங்கி இருக்கணும்!' என்று விரிவுரையாளர் மனதுக்குள் அலறினாள். சேலை முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி விரல் நீலமாகிவிட்டது. பாதி எழுந்தாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள்.

"எனக்கு இடது காது கேக்காதும்மா," என்றார் அவர்.

முந்திரிக்கொட்டை காத்திருந்தாள்.

"மூணு வருஷமாச்சு. அச்சாபீஸ் மெஷின் பக்கத்துலயே வேலை. இப்ப வலதும் குறையுது. யார்கிட்டயும் சொல்லல."

"ஏன் சொல்லலீங்க?"

"காது கேக்காதவனை மெஷின்ல நிறுத்த மாட்டாங்க. வீட்ல சொன்னா அவ தூங்க மாட்டா. முகம் பார்த்துப் பேசினா ஓரளவு பிடிபடும். அவ அடுப்புப் பக்கம் திரும்பிக்கிட்டுப் பேசினா ஒண்ணும் புரியாது. சத்தமா பேசினா கேக்கும். ஆனா சத்தமா பேசறப்ப எந்த வார்த்தையும் திட்டற மாதிரியே இருக்கும்மா. குத்துமதிப்பா எதையாவது பதில் சொல்லி, அது தப்பாப் போய், அப்புறம் பேசறதையே விட்டுட்டேன்." அவர் உள்ளங்கையைப் பார்த்தார். "இங்க மெஷின் இல்ல, தெருச் சத்தம் இல்ல. இன்னிக்கு எல்லாமே கேட்டுச்சு. கேட்டிருக்க வேண்டியது எது, நான் சொன்ன பதில் எதுன்னு இப்பத்தான் தெரிஞ்சுது."

அடடா! அந்த அம்மாள் சொன்னதையே பிடித்து, அங்கேயே ஒரு கதை கட்டிவிட்டானே! விரிவுரையாளருக்குப் புல்லரித்தது. குழுத்தலைவர் சொன்னது சரிதான். இவனை அடித்துக்கொள்ள ஆளில்லை.

பக்க மேசையில் டக்கென்று ஒரு சத்தம். அம்மாள் பேனாவை மூடிவிட்டு எழுந்துவிட்டாள்.

"மேடம், இன்னும் எட்டு நிமிஷம் இருக்கு…"

"போதும்மா." அவள் தாளை இழுத்துக்கொண்டாள். "இந்தப் பொண்ணு குறுக்க பேசவே இல்ல. இந்த மாதிரி ஒருத்தி எங்க வீட்ல இருந்திருந்தா நல்லாருந்திருக்கும்." தாளில் எதையோ எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பிறகு க்ளையண்ட் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு வலப்பக்கமாகப் போய் நின்று, மெதுவாகச் சொன்னாள்: "கிளம்பலாமா?"

அவர் எழுந்தார். இரண்டு பேரும் படியிறங்கிப் போனார்கள்.

விரிவுரையாளருக்கு ஒரு கணம் புரியவில்லை, மறுகணம் புரிந்துவிட்டது. நல்ல நடிகனைக் கண்டால் விடுவார்களா? தங்கள் கல்லூரிக்கு இழுத்துக்கொண்டு போகிறார்கள்! போகட்டும். தாளை எடுத்துப் பார்த்தாள். மூன்று பேருக்கும் ஐம்பதுக்கு நூறு.

"நூறா?" என்றான் மேற்கோள். "ஐம்பதுக்கு எப்படி மேடம்?"

"மேதைங்க அப்படித்தான்டா போடுவாங்க!" விரிவுரையாளர் நாற்காலியில் சாய்ந்தாள். காலையிலிருந்து அப்போதுதான் முதல்முறையாக நிம்மதியாக உட்கார்ந்தாள். துறைத்தலைவர் தன் புள்ளியியலைத் தானே வைத்துக்கொள்ளட்டும்.

சாய்ந்து ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. வாசலில் ஒருவர் வந்து நின்றார். கலைந்த தலை, கசங்கிய சட்டை, ஷேவ் செய்யாத முகம்.

"மன்னிக்கணும் மேடம். தப்பான பஸ்ல ஏறிட்டேன். குடிகார அப்பா நான்தான்."

விரிவுரையாளர் மெல்ல எழுந்தாள்.

"நீங்க நடிகரா? அப்ப அவரு…"

அவருக்குப் பின்னாலேயே வாட்ச்மேன், ஆபீஸ் டெலிபோனில் வந்த செய்தியைக் குறித்த காகிதத்தோடு மேலே வந்தார். "மேடம், தேர்வாளர் போன் பண்ணாரு. ரயிலைத் தவற விட்டுட்டாராம். நாளைக்குக் காலையில பத்து மணிக்குக் கண்டிப்பா வந்துடறேன்னு சொல்லச் சொன்னாரு."

தலையாட்டி தலையாட்டவில்லை. மேற்கோள் எதையும் மேற்கோள் காட்டவில்லை. விரிவுரையாளர் கையிலிருந்த தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப இவ்வளவு நேரம் இங்க உட்கார்ந்திருந்தவங்க யாருய்யா?"

"என்ன மேடம், தெரியாத மாதிரி கேக்கறீங்க? விவாகரத்துல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி கடைசியா ஒரு தடவை பேசிப் பாருங்கன்னு கோர்ட்டுல அனுப்பின புருஷன் பொண்டாட்டி அவங்க; கீழ நம்ம துறை நடத்தற குடும்ப ஆலோசனை ரூம் பூட்டியிருந்துச்சேன்னு நான்தான் உங்ககிட்ட அனுப்பினேன்; வர்றப்ப ஆளுக்கொரு பஸ்ல வந்தாங்க, இப்ப ஒரே பஸ்ல ஏறிப் போறாங்க!"